ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

பெத்தேல்விளை சபையில் அந்த வயிற்றுவலி முதலில் வந்தது மாசிலாமணிக்குத்தான்.

அதற்கு முன்னால் அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருக்கும் ஒரு நோவும் வந்ததில்லை. காய்ச்சல் என்றால் வெள்ளிக்கிழமை வந்து சனிக்கிழமை போய்விடும். பல்வலி என்றால் திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில், ஆலயத்தின் முதல் மணி ஓய்ந்த நேரம் பார்த்து, பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவரும் சபைக் கமிட்டியில் மூத்தவருமான மாசிலாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

“என்ன செய்யுது?” என்றாள் அவர் மனைவி புஷ்பம், சேலை மடிப்பைச் சரிசெய்தபடியே.

“சுண்டி இழுக்குது. நீ போ. போதகர் ஐயா கேட்டா ஜெபத்துல நினைச்சுக்கிடச் சொல்லு.”

“ராத்திரி அம்புட்டு இட்லி தின்னியளே, அப்ப இழுக்கலையா?”

“அது தின்னதுனாலதான் இப்ப இழுக்குது. ரெண்டாம் மணி அடிக்கப் போவுது, போ.”

புஷ்பம் வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாதி இரக்கம், பாதி சந்தேகம். பிறகு போய்விட்டாள்.

தெரு காலியானது. மாசிலாமணியின் வயிறும் சரியானது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு வாளியை இழுத்தார். அதில் கருப்பட்டி கரைத்த தண்ணீர் கறுப்பாகப் பளபளத்தது. அதைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாக வாழைத் தோட்டத்துக்கு நடந்தார். ஆலயத்தில் முதல் பாட்டு ஆரம்பித்தபோது, அவர் வரப்பு ஓரம் குனிந்து, தன் வாழைகளின் காலடியில் கருப்பட்டித் தண்ணீரைச் செல்லமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஏன் என்று சொல்ல வேண்டும்.

அது உரம் தங்கநகை போல ஆகிவிட்ட காலம். கப்பலில் வந்துகொண்டிருந்த, பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து உரம், அதைத் தோண்டி எடுக்கிற நாடுகளில் பாறை தீர்ந்துபோனதால் வராமல் நின்றுவிட்டது. பெத்தேல்விளைக்காரர்கள் பரம்பரையாக ஏத்தன் வாழை, அதாவது நேந்திரம், போடுகிறவர்கள். உரமில்லாமல் வாழைத்தார் விரல் மாதிரி சூம்பி வந்தது. அப்போதுதான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தமயந்தி என்ற விஞ்ஞானி, பெட்டி நிறைய ‘வேர்நேசன்’ கொண்டுவந்து சபை ஹாலில் கூட்டம் போட்டாள். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண். எதையும் மரியாதையாகச் சொல்வாள்.

“இது ஒரு பூஞ்சைங்க. வேருக்குள்ள குடியேறிக்கும். அங்கிருந்து மண்ணுக்குள்ள நூல் மாதிரி படரும். வாழை வேர் எட்டாத இடத்துல கெடக்கற மணிச்சத்து, துத்தநாகம், தண்ணி எல்லாத்தையும் தேடி எடுத்துட்டு வந்து குடுக்கும். அதுக்குக் கூலியா வாழை கொஞ்சம் சர்க்கரை குடுக்கும். காடுகள்ல காலங்காலமா நடக்கற ஏற்பாடுதாங்க. நாங்க இன்னும் வேகமா ஓடற மாதிரி செஞ்சிருக்கோம்.”

“வரப்பைத் தாண்டிப் போவுமா?” என்று கேட்டார் தவசிமுத்து. அவர் மாசிலாமணிக்கு இடப்பக்கத்துத் தோட்டக்காரர். ஆலயத்தில், பாடகர் குழுவில், வலப்பக்கத்து இருக்கைக்காரர். அறுப்பின் பண்டிகைக்கு யார் கொண்டுவரும் தார் பெரியது என்பதில் இருவருக்கும் இளவயது முதலே பகை. பண்டிகைக்குப் பண்டிகை அது புதுப்பிக்கப்படும்.

“அதுக்கு வரப்பு தெரியாதுங்க. ஊர் முழுக்க ஒரே வலையாப் பின்னிக்கும்.”

“அப்ப எல்லாருக்கும் சேத்து ஒரே அடுப்புன்னு சொல்லுங்க” என்றாள் ஜெபக்கனி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெபக்கனி சபையின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவள். கணவர் இறந்த பிறகு ஒண்டியாக வாழையும் பார்த்து, பருவத்தில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டியும் போட்டாள். ஊருக்கே அவள் கருப்பட்டிதான். மழைக்காலத்துக்கென்று அடுப்புப் பரணில் புகைபோட்டு அடுக்கி வைத்திருப்பாள். எத்தனை வட்டுக் கருப்பட்டி வாங்கினாலும் கடைசியில் ஒரு துண்டு உடைத்துக் கையில் வைத்து, “இது கொசுறு, வாய்க்கு” என்பாள். ஞாயிறு ஆராதனைக்கு அவள் வராத நாள் கிடையாது. பெண்கள் பக்கம் ஜன்னலோர இடம் அவளுடையது. அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்வதில்லை.

சபை நிலத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. குத்தகைக்காரர் அறுப்பின் பண்டிகைக்கு அந்த மண்ணில் விளைந்த முதல் தாரைக் கொண்டுவந்து படைக்க வேண்டும். இரண்டு பண்டிகை அடுத்தடுத்துத் தவறினால் நிலம் கைமாறும். முன்பு ஒரு சோம்பேறிக் குத்தகைக்காரனை வழிக்குக் கொண்டுவருவதற்காக அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவரே மாசிலாமணிதான். போன வருஷம் வெள்ளத்தில் ஜெபக்கனியின் வாழை முழுவதும் சாய்ந்துவிட்டது. இந்த வருஷம் தார் கொண்டுவந்தாக வேண்டும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆட்டுக்கிடை போட்டு, அடுப்புச் சாம்பல் போட்டு, அவள் நிலம் ஊரிலேயே கொழுத்த மண்.

வேர்நேசன் எல்லார் வயலிலும் போடப்பட்டது. ஊர்க்காரர்கள் அதற்கு ‘நூலு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாசிலாமணிக்கு ரகசியம் தெரிந்தது அதிரசத்தால். புஷ்பம் அதிரசத்துக்குக் காய்ச்சிய பாகு பதம் தப்பிவிட்டது. கோபத்தில் அதைக் கொண்டுபோய்க் கொல்லை வாழையடியில் கொட்டினாள். கொஞ்ச நாளில் அந்த ஒரு வாழை மட்டும் அடி பருத்து, யானைக் காது போல இலை விரித்து நின்றது. மாசிலாமணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். புத்தி கூர்மையான மனிதர். “கூலிக்கு வேலை செய்யுதுன்னுதான அந்தப் பிள்ள சொல்லிச்சு. நான் கூலி கூடக் கொடுத்தா?” என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு வயிற்றுவலி வந்தது.

இதில் தப்பு ஏதும் உண்டா என்று அவர் யோசிக்காமலில்லை. அவர் பக்திமான். பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தார். எதிலும் சர்க்கரைத் தண்ணீர் இல்லை. அடுத்தவர் தோட்டத்தில் கால் வைக்கவில்லை. கைப்பிடி மண் எடுக்கவில்லை. தன் வரப்புக்குள், தான் வாங்கிய கருப்பட்டியைத் தன் வாழைக்கு ஊற்றுகிறார். நூல் எங்கிருந்து கொண்டுவருகிறது என்பது நூலின் பாடு. ஆனாலும் இதை ஏன் எல்லோரும் ஆலயத்தில் இருக்கும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும் என்ற கேள்வி வந்தபோது மட்டும், அவர் கட்டளைகளை விட்டுவிட்டு வாளியைக் கழுவப் போனார்.

வாழை கண்ணுக்கு முன்னால் வளர்ந்தது.

“வாழைக்கு என்னவே கொடுக்கீரு?” என்று தவசிமுத்து வரப்பில் நின்று கேட்டார்.

“ஜெபம்.”

“நானுந்தான் ஜெபிக்கேன்.”

“உமக்கு விசுவாசம் பத்தாது.”

மறுவாரம் போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது, மாசிலாமணியின் சட்டைக் கையிலிருந்து ஒரு கட்டெறும்பு வெளியே வந்தது. இருக்கை விளிம்பில் நடந்தது. தவசிமுத்துவின் வேதாகமத்தின் மேல் ஏறி நின்று மீசையை ஆட்டியது. பின்னாலேயே இன்னொன்று. தவசிமுத்து எறும்பைப் பார்த்தார், மாசிலாமணியின் வேட்டி ஓரத்தில் காய்ந்திருந்த கறுப்புக் கறையைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பக்தியால் மூடியதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு தவசிமுத்துவுக்கு வயிற்றுவலி.

பிறகு அது பரவியது. பாடகர் குழுவில் உச்சஸ்தாயி பாடும் ராஜமணி டீச்சருக்கு வந்தது. உண்டியல் எண்ணும் சகோதரர்கள் இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. ஆண்கள் பக்கம் இருக்கைகள் காலியாகத் தொடங்கின. ஒரே ஞாயிறில் எல்லோரும் நோயாளியாக முடியாது என்பதால், பேசிக்கொள்ளாமலே ஒரு முறை வைத்துக்கொண்டது போல, ஆளுக்கொரு வாரம் வலித்தது. போதகர் கிருபாகரன் வெள்ளை மனசுக்காரர். ஊர்க் கிணற்றில் மருந்து போடச் சொன்னார். பிறகு சபையின் வயிற்றுக்காகத் தனியாக ஒரு விண்ணப்பம் ஏறெடுக்க ஆரம்பித்தார். அதற்கு ஜெபக்கனி மட்டும் சத்தமாக ஆமென் சொன்னாள்.

மாசிலாமணி ஒரு நாள் கருப்பட்டி வாங்க அவள் காய்ச்சும் கொட்டகைக்குப் போனார்.

“வாங்க அண்ணாச்சி. போன வாரந்தான வாங்கிட்டுப் போனிய?”

“காபிக்கு.”

“ஊருல காபி ரொம்பத்தான் குடிக்கிய. வயித்துவலிக்கு அதுதான் காரணம்னு நெனக்கேன்.”

மாசிலாமணி அவசரமாகப் பேச்சை மாற்றினார். “வாழை எப்படிக் கெடக்கு?”

அவள் வட்டுகளை ஓலைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “என்னன்னு தெரியல அண்ணாச்சி. இலையெல்லாம் வெளுத்து நிக்கு. குலை தள்ளுத நேரத்துல தண்டு சூம்பிக்கிட்டே போவுது. பொன்னு மாதிரி மண்ணு. அதுல இப்படி ஆவுமா?”

“நூலு இன்னும் பழகலயா இருக்கும்.”

“இருக்கும். இந்தாங்க, கொசுறு. வாய்க்கு.”

அவர் கையில் வைத்த துண்டு வழியெல்லாம் உருகி விரலில் ஒட்டியது. வாயில் போடத் தோன்றவில்லை. வாளியில் போட்டுவிட்டார்.

பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தமயந்தி மறுபடி வந்தாள். ஊர் மூலைக்கு மூலை மண்ணில் மெல்லிய கம்பிகளைக் குத்தினாள். சபை ஹாலில், படம் காட்டுகிற வெள்ளைத் திரையில், பூமிக்கடியில் நடப்பதை எல்லோருக்கும் காட்டப் போவதாகச் சொன்னாள். இந்தச் செய்தி ஊரை அடைந்ததும், அதுவரை ஞாயிறு மட்டும் வந்த வயிற்றுவலி முதல்முறையாக வியாழக்கிழமை வந்தது. போதகர் விடவில்லை. “டாக்டரே வந்திருக்காங்க, வயித்தையும் அவங்ககிட்டக் காட்டிரலாம்” என்று வீடு வீடாகப் போய் அழைத்துவந்துவிட்டார்.

“நான் மண்ணுக்குத்தாங்க டாக்டர்” என்றாள் தமயந்தி.

விளக்கை அணைத்தார்கள். திரையில் பெத்தேல்விளை தெரிந்தது, வரப்பு இல்லாத பெத்தேல்விளை. நூல்கள் நீல நிறத்தில் நரம்பு போல ஓடின. நீலம் என்றால் சத்து போகிற வழி. ஓரங்களில் சிவப்புப் புள்ளிகள் கனல் போல மின்னின. சிவப்பு என்றால் சர்க்கரை. ஒவ்வொருவர் வயலிலும் சிவப்பு இருந்தது. நீல நூல்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பி அந்தச் சிவப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. கிளம்பிய இடம் நடுவில் ஒரு கறுப்புக் கட்டம். அதில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

மாசிலாமணி தவசிமுத்துவின் நிலத்திலிருந்து எடுப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அந்த நினைப்பில் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. தவசிமுத்துவும் அவர் நிலத்திலிருந்து எடுப்பதாக நினைத்திருந்தார். நூல் இருவரையும் விட்டுவிட்டு, கொழுத்த மண் எது, கூலி கொடுக்காத இடம் எது என்று பார்த்திருக்கிறது.

“ஏனுங்க, யாராச்சும் மண்ணுல சர்க்கரை ஊத்துனீங்களா?” என்றாள் தமயந்தி.

மாசிலாமணி கூரையைப் பார்த்தார். தவசிமுத்து குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு வாசலுக்கு வெளியே கிடந்தது.

“சாதாரணப் பூஞ்சைக்குச் செடி குடுத்தாத்தாங்க சர்க்கரை. மண்ணுல ஊத்துனா அது சீண்டாது. நாங்க இதைப் பாட்டில்ல வளர்த்து ஊர் ஊரா அனுப்பணும்னு, வெளிச் சர்க்கரையும் சாப்பிடப் பழக்கிட்டோம். வயல்ல யாரும் அப்படிக் குடுப்பாங்கன்னு நெனைக்கவே இல்லைங்க. கடைக்காரரு மாதிரிதான் இதுவும். கூலி கூடக் குடுக்கற எடத்துக்குச் சரக்கு போகும். வாடிப்போன செடியால கூலி குடுக்க முடியாது. குடுக்காததால இன்னும் வாடும்.”

ஜெபக்கனி எழுந்தாள். “அப்ப, அந்த நூலுக்குக் கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லயே டாக்டரம்மா?”

“அதுக்கு எண்ணமே இல்லைங்கக்கா.”

“நல்லது” என்று அவள் உட்கார்ந்தாள். “நாந்தான் ஏதோ பாவம் செஞ்சிட்டேன், அதான் மண்ணு முகத்தைத் திருப்பிக்கிட்டுன்னு நெனச்சு அழுதுட்டிருந்தேன்.”

மாசிலாமணிக்கு அன்று உண்மையாகவே வயிற்றைப் பிசைந்தது.

அவர் எழுந்து தொண்டையைக் கனைத்தார். “சபை நிலச் சட்டத்தை இந்த ஒரு வருஷம் தள்ளி வைக்கலாம்னு பாக்கேன்.”

“காரணம் என்னன்னு தீர்மானப் புஸ்தகத்துல எழுதுறது?” என்று போதகர் அப்பாவியாகக் கேட்டார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். எழுதச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை.

அந்தச் சங்கடத்திலிருந்து அவர்களைக் காப்பாற்றியதும் ஜெபக்கனிதான். “எனக்குன்னு தனியா ஒரு சட்டமா? வேண்டாம் அண்ணாச்சி. சக்கரை ஊத்தி அடுத்தவங்க மண்ணுலருந்து இழுக்கவும் எனக்கு மனசில்ல. ஆண்டவர் தந்தா தாரைக் கொண்டாரேன். இல்லன்னா நிலத்தைத் தாரேன்.”

வெளியே வரும்போது மாசிலாமணி தமயந்தியைத் தனியே பிடித்தார். “டாக்டரம்மா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன். அந்த வாழை பொழைக்க வழி இருக்கா?”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேங்க” என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஊத்தறதை நிறுத்துனா மட்டும் போதாது. திரும்பி வர ரொம்ப நாளாகும். ஆனா அந்த வாழைக்குப் பதிலா வேற யாராச்சும் கூலி குடுத்தா, நூல் அங்கே போகும். குடுக்கறவங்க தோட்டம் கொஞ்சம் இளைக்கும். பரவால்லைன்னா.”

பரவாயில்லை என்று மாசிலாமணி உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தார். தாரை நினைத்தார். தவசிமுத்து சிரிக்கப் போகும் சிரிப்பை நினைத்தார். ‘அழுதுட்டிருந்தேன்’ என்று அவள் சொன்னதை நினைத்தார். கடைசியில் சனிக்கிழமை மாலை ஓலைப்பெட்டியோடு கொட்டகைக்குப் போனார். அங்கே வரிசை நின்றது. தவசிமுத்து, ராஜமணி டீச்சர், உண்டியல் சகோதரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“என்ன, எல்லாருக்கும் காபிக்கா?” என்றாள் ஜெபக்கனி.

“காபிக்கு” என்றார்கள் எல்லோரும்.

ஒவ்வொருவருக்கும் வட்டு கொடுத்து, ஒவ்வொருவர் கையிலும் கொசுறு வைத்தாள். மாசிலாமணியின் முறை வந்தபோது பெரிய துண்டாக உடைத்தாள். “இது வாய்க்குத்தான் அண்ணாச்சி” என்றாள். அவர் அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார். சாம்பல் மணத்தோடு இனித்தது. அவருக்குப் புரையேறியது.

மறுநாள் முதல் மணி அடித்தது. மாசிலாமணி வயிற்றைப் பிடித்தார். புஷ்பம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டுச்சேலை சரசரக்கக் கிளம்பிப் போனாள்.

அவர் ஜெபக்கனியின் தோட்டத்துக்குள் புகுந்தார். வெளுத்த வாழைகளைப் பக்கத்தில் பார்க்க மனது என்னவோ செய்தது. ஒவ்வொரு அடியாகக் குனிந்து ஊற்றிக்கொண்டே போனவர், ஒரு வாழைக்குப் பின்னால் யாரோ குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருப்பதைக் கண்டார். கையில் எவர்சில்வர் தூக்குச்சட்டி.

“இங்க என்னவே செய்யுதீரு?” என்றார் மாசிலாமணி.

“வழி தப்பிட்டேன்” என்றார் தவசிமுத்து.

“தூக்குச்சட்டியோடயா?”

“உமக்கு வாளியோட என்ன வேல?”

“காத்து வாங்க வந்தேன்.”

“வாளியில பிடிச்சுட்டுப் போவீரோ?”

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போது உள்ளேயிருந்து ஒரு தும்மல் கேட்டது. உச்சஸ்தாயித் தும்மல். எட்டிப் பார்த்தால் ராஜமணி டீச்சர் குடத்தோடு நின்றாள். அந்தப் பக்கம் உண்டியல் சகோதரர்கள், இந்தப் பக்கம் கமிட்டிச் செயலாளர். வாழைக்கு ஒருவராகச் சபையே அங்கே இருந்தது. பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கி, செம்பிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ ஆலயத்துக்குப் போவலையா?” என்றார் மாசிலாமணி.

“உங்க வயித்துவலிக்கு மருந்து இங்கதான் ஊத்தணும்னு தெரிஞ்சது. வந்தேன்” என்றாள் புஷ்பம். “கட்டிலுக்கு அடியில எறும்பு ஊருத வீட்டுல நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா இருக்கேன்?”

தவசிமுத்துதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து, தோற்று, வாழையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது, ஆலயத்திலிருந்து ஆர்மோனியச் சத்தம் காற்றில் வந்தது. போதகரின் மெல்லிய குரலோடு ஒரே ஒரு பெண் குரல் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தது. சுதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது. ஆனாலும் காலியான இருக்கைகளுக்கெல்லாம் சேர்த்து அது ஒன்றே பாடுவது போல இருந்தது.

மாசிலாமணி வாளியைக் கீழே வைத்தார். தவசிமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்தார். மண்ணில் நின்றபடியே, தங்களுக்குத் தெரிந்த குரலில், அந்தப் பாட்டோடு மெதுவாகச் சேர்ந்துகொண்டார்கள்.

அன்றே ஒரு ஒப்பந்தமும் ஆனது. பண்டிகைவரை ஊர்க் கருப்பட்டி முழுவதும் ஜெபக்கனியின் வாழைக்கே. அதன்பிறகு யாரும் எந்த மண்ணிலும் ஒரு சொட்டு ஊற்றுவதில்லை. இதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. ஜெபக்கனியின் தாரை இரண்டு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிவந்தார்கள். ஆலய வாசலில் குனிந்துதான் நுழைய முடிந்தது. பின்னாலேயே ஒரு எறும்புப் படையும் பண்டிகைக்கு வந்தது. படைத்த பிறகு வழக்கம்போல ஏலம். அந்தத் தாருக்கு யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று தெரியாதபடி எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதில், போதகர் காதைப் பொத்திக்கொண்டு, “சபையே எடுத்தாச்சு, அசன விருந்துக்குச் சமைங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். குத்தகை மறுபேச்சின்றிப் புதுப்பிக்கப்பட்டது. “நம் சபையிலிருந்து வயிற்றுவலி நீங்கியதற்காக” என்று போதகர் தனியாக ஒரு ஸ்தோத்திரமும் செலுத்தினார். அப்போது அவர் உதட்டோரம் லேசாகத் துடித்ததை மாசிலாமணி பார்த்தார். இந்த மனிதர் அவ்வளவு வெள்ளைமனசுதானா என்று முதல்முறையாக அவருக்குச் சந்தேகம் வந்தது.

வரிசையில் கடைசியாக நின்றவர்கள் மாசிலாமணியும் தவசிமுத்துவும். இருவர் கையிலும் இருந்ததைத் தார் என்று சொன்னால் தார் கோபித்துக்கொள்ளும்.

“இது தாரா, சீப்பாவே?” என்றார் தவசிமுத்து.

“உம்மது ரெண்டு விரல் சின்னது. பாரும்” என்றார் மாசிலாமணி. ஆளுக்கொரு பக்கம் பிடித்து அளந்து பார்த்தார்கள். அதிலும் மாசிலாமணிதான் தோற்றார். அவர் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டார். தோட்டத்தில் மிச்சம் நின்ற வாழைகளும், அடியில் விட்ட கன்றுகளும் வெளிறிப்போய் நின்றன. இனி ஊற்றவும் வழியில்லை. வாக்கு வாக்குதான்.

பந்தியில் சோறு பரிமாற வந்த ஜெபக்கனி அவர் முன்னால் நின்றாள். “உங்க வாழை ஏன் அண்ணாச்சி இப்படி எளைச்சுப் போச்சு?”

“வயசாச்சுல்லா.”

“வாழைக்கா, உங்களுக்கா?”

“ரெண்டுக்குந்தான்.”

அவள் இலையில் ஒரு கரண்டி கூடப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

அடுத்த ஞாயிறு ஆலயம் நிறைந்திருந்தது. ஊரில் ஒருவருக்கும் ஒரு நோவும் இல்லை. மாசிலாமணி நிம்மதியாகப் பாடகர் குழுவில் நின்றார். முதல் பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, வழக்கம்போலக் கண்ணை ஓட்டினார். கண் பெண்கள் பக்கம் போய், ஜன்னலோரத்தில் நின்றுவிட்டது.

அந்த இடம் காலியாக இருந்தது.

புஷ்பமும் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். தவசிமுத்துவின் கை, பாட்டுப் புத்தகத்தின் நடுவில் அப்படியே நின்றது.

போதகர் மேடையில் ஏறி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஜெபிக்குமுன் ஒரு அறிவிப்பு. நம் சகோதரி ஜெபக்கனிக்குக் காலையிலிருந்து திடீரென்று வயிற்றுவலியாம். ஆராதனைக்கு வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்வோம்.”

சபை தலைகுனிந்தது. ஜன்னல் வழியே காற்று வந்தது. அது மாசிலாமணியின் தோட்டப் பக்கத்திலிருந்து வருகிற காற்று. அதில் கருப்பட்டி மணம் இருந்ததோ, இருப்பதாக அவருக்குத் தோன்றியதோ தெரியவில்லை.

போதகர் ஜெபித்து முடித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மாசிலாமணி ஜன்னலோர இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆமென் சொல்லும்வே” என்று தவசிமுத்து முழங்கையால் இடித்தார்.

எல்லோரும் முடித்து உட்கார்ந்த பிறகு, அடித்தொண்டையிலிருந்து தனியாக ஒரு ஆமென் எழுந்தது.